படியிறங்கிய பெருமை

ஆனி கழிந்து ஆடி பிறக்கும் நாட்களில் எங்கள் பொத்துவில் வீதிகளில் ஒரு புதிய நிறம் தோன்றும். அது காவி நிறம். வடக்கே வெகுதொலைவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட கதிர்காம யாத்திரிகர்கள் மட்டக்களப்பையும் கல்முனையையும் கடந்து, எங்கள் ஊரின் வழியாக உகந்தை முருகன் சந்நிதியை நோக்கிச் செல்வார்கள். அங்கிருந்து குமணக் காட்டினுள் புகுந்து கதிர்காமம் சேர்வார்கள். எங்கள் ஊரிற் பெரும்பான்மையோர் முஸ்லிம் மக்கள். ஆயினும், களைத்து வந்தவருக்குக் கடைத் திண்ணையில் இடம் விடுவதிலும், செம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பதிலும் அவர்கள் வேற்றுமை பாராட்டுவதில்லை.

ஓர் ஆண்டு அவ்வாறு வந்தவர்களுள் முதியவர் ஒருவரும் இருந்தார். கால் கொப்புளித்து, தாடி வளர்ந்து, கையில் ஒரு கோலுடன் திண்ணையொன்றில் அமர்ந்திருந்தார். “அவர் கொழும்பில் பெரிய முதலாளியாம்; மூன்று வாகனங்கள் இருக்கின்றனவாம்; எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நடந்து வருகிறாராம்” என்று என் மாணவர்கள் வியப்போடு பேசிக்கொண்டனர். மறுநாள் உயர்தர வகுப்பிலும் அதே பேச்சு. நானும் சமயம் வாய்த்ததென்று துறவின் பெருமையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தேன்.

அப்பொழுது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, அதிகம் பேசாதவன்.

“சேர், எங்கட வாப்பா ஒருநாளும் எதையும் துறக்கல்ல. துறக்கிறதுக்கு அவருக்கிட்ட என்ன இருந்திச்சு? வெறுங்காலோடதான் நடக்கிறார், பசியோடதான் படுக்கிறார். அவரைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படல்ல. பணக்காரன் ஒரு மாசம் வெறுங்காலோட நடந்தா மட்டும் ஏன் சேர் பெரிய கதை?”

வகுப்பு அடங்கிவிட்டது. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்; சொல்லத் தொடங்கியதுமே அது விடையன்று என்பது எனக்கே புரிந்தது. “ஒரு வாரம் அவகாசம் கொடு” என்று கேட்டுக்கொண்டேன். ஆசிரியர் மாணவனிடம் தவணை கேட்பது எங்கள் வகுப்பில் அன்றே முதன்முறை.

வீடு சென்று சிந்தித்தேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. நாம் போற்றும் துறவியரின் வரிசையை எண்ணிப் பாருங்கள். சித்தார்த்தர் அரசகுமாரர். இளங்கோவடிகள் சேரர் குடியிற் பிறந்து அரசுரிமையை நீத்தவர் என்பது மரபு. பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். என் மாணவனின் வீட்டில் நன்கறியப்பட்ட பெரியாரான இப்றாகீம் இப்னு அத்ஹம் அவர்களும் பல்க் நாட்டு ஆட்சியைத் துறந்து ஏழையாக வாழ்ந்தவர் என்றே கூறுவர். எல்லாருமே மேலிருந்து கீழே வந்தவர்கள். கீழேயே பிறந்து, கீழேயே வாழ்ந்து, நேர்மை பிறழாமல் மடிந்தவர்களுக்கு அந்த வரிசையில் இடம் மிகக் குறைவு.

இந்தக் கேள்வியை ஒரு மனிதரின் வாழ்வில் வைத்து உரசிப் பார்க்க விரும்பினேன். புராணத்தின் மூடுபனிக்குள் மறையாத, ஆண்டும் திகதியும் அறியப்பட்ட ஒருவராக அவர் இருக்கவேண்டும். என் நினைவுக்கு வந்தவர் கத்தோலிக்க மக்கள் புனித அருளானந்தர் என்று வணங்கும் யோவான் தெ பிரித்தோ. நான் சைவன், அவர் கத்தோலிக்கக் குரு. ஆயினும், நமக்கு அக்கரையில் உள்ள தமிழ் மண்ணில், சேதுபதி மன்னரின் சீமையில் அவர் குருதி சிந்தி மாண்டவர். மட்டக்களப்பில் கல்விப் பணி புரிந்த இயேசு சபையாரை அறிந்த கிழக்கு மாகாணத்தவருக்கு அந்தச் சபையைச் சேர்ந்த அவர் முற்றிலும் அந்நியரல்லர்.

அவர் 1647ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனிற் பிறந்தார். தந்தை சல்வதோர் தெ பிரித்தோ பெரைரா உயர்குடிப் பிரபு. போர்த்துக்கேயரின் ஆட்சிக்குட்பட்ட பிரேசிலுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே உயிர் நீத்தவர். அப்போது யோவான் சிறு குழந்தை. தாயார் பெயாத்திரிஸ் அம்மையார் பிள்ளைகளைத் தனித்து வளர்த்தார். யோவான் வளர்ந்ததும் அரண்மனையிற் பணிவிடைச் சிறுவனாகச் சேர்க்கப்பட்டார். இளவரசர் பேதுருவுக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. இருவரும் உடன்விளையாடி உடன்பயின்ற தோழர்கள். அந்த இளவரசரே பிற்காலத்திற் போர்த்துக்கல்லின் அரசரானார். இந்த நட்பை வாசகர்கள் மறவாதிருக்கவேண்டும். கதையின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது.

சிறுவயதில் யோவான் கடும் நோய்வாய்ப்பட்டார். வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் தாயார் ஒரு நேர்த்தி வைத்தார். கீழைநாடுகளிற் போதித்த புனித சவேரியார் பிள்ளையைக் காப்பாற்றினால், அவன் ஓராண்டு காலம் இயேசு சபையாரின் அங்கியை அணிவான் என்பதே அந்த நேர்த்தி. பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் மின்னும் அரண்மனையில் கறுப்பு அங்கியுடன் ஓராண்டு திரிந்தான். நேர்த்தி முடிந்தது; அங்கியும் கழற்றப்பட்டது. ஆனால் உடம்பை விட்டு நீங்கிய அங்கி உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. 1662ஆம் ஆண்டு டிசம்பரில், பதினைந்து வயதில், அவர் உண்மையாகவே இயேசு சபையிற் சேர்ந்தார்.

பின்பு அவர் இந்தியாவுக்குப் போக விரும்பியபோது அதைத் தடுக்க முயன்றவர்களுள் முன்னின்றவர் தாயார்தாம். பாப்பரசரின் தூதுவர் வரை சென்று மன்றாடினார் என்று வரலாறு கூறுகிறது. தெய்வத்திடம் நேர்ந்து பெற்ற பிள்ளையைத் தெய்வம் திருப்பிக் கேட்டபோது தாயின் கை தயங்கியது. எந்தத் தாயின் கைதான் தயங்காது? ஆயினும் 1673ஆம் ஆண்டு மார்ச்சில் யோவான் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இதுவரை நான் கூறியது என் மாணவனின் குற்றச்சாட்டுக்கு அரண் செய்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை. உற்சாகம் மிக்க இளமை. கப்பல் ஏறினார், புகழ் பெற்றார் என்று அவன் சொல்லக்கூடும். அடுத்த பகுதியைத்தான் நாம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

அக்காலத்திற் மதுரை நாயக்கர் ஆண்ட தமிழகத்தில் இயேசு சபையாரின் பணி ‘மதுரை மிஷன்’ என வழங்கியது. அதைத் தொடக்கியவர் தத்துவ போதகர் எனத் தமிழ்ப் பெயர் பூண்ட றொபேர்த்தோ தெ நொபிலி. இத்தாலிய உயர்குடியைச் சேர்ந்த அவர் 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து, பிராமண சந்நியாசியின் கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, உயர்சாதியாருடன் வாதிட்டார். தம் முதுமையிற் சிலகாலம் நமது யாழ்ப்பாணத்திலும் தங்கியவர் அவர். அவரது கல்வியை வியக்காதிருக்க முடியாது. ஆனால் அந்தக் கோலத்துக்கு ஒரு விலை இருந்தது. பிராமண சந்நியாசியாக வாழ்பவர் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைக்கு வெளிப்படையாகப் போக இயலாது. போனால் மேற்சாதியார் அவரை நெருங்கார்.

அதனால் 1640ஆம் ஆண்டளவில் அந்த மிஷனில் இன்னொரு வகைக் குருமார் தோன்றினர். அவர்கள் பண்டார சுவாமிகள். பண்டாரங்கள் நம் சைவ மரபிற் பிராமணரல்லாத துறவிகள். அவர்களுக்கு எல்லா வீதியும் திறந்திருந்தது. மேற்சாதியாருடனும் பேசலாம், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் நாடலாம். மதிப்பில் மட்டும் பிராமண சந்நியாசிக்கு ஒரு படி கீழே.

லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த யோவான் 1674ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, தேர்ந்தெடுத்தது அந்தக் கீழ்ப்படியை. காவியுடை, தலைப்பாகை, காதிற் கடுக்கன், கையிற் கோல், சோறும் மரக்கறியும், மண்சுவர்க் குடிசை என்பனவே அவர் கோலமும் வாழ்வும் ஆயின. யோவான் என்ற பெயர் அருளானந்தர் எனத் தமிழாயிற்று. கொள்ளிடக் கரையிலும் செஞ்சிச் சீமையிலும் அவர் அலைந்த காலம் அமைதியான காலமன்று. மராட்டிய வீரர் சிவாஜியின் படைகள் 1677இல் தெற்கே இறங்கின. நாயக்கர் ஆட்சி தளர்ந்துகொண்டிருந்தது. பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வந்தன. கடற்கரையிலும் போர்த்துக்கேயரின் கொடி தாழ்ந்துவிட்டது. 1658ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணமும் தூத்துக்குடியும் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்திருந்தன. ஆதலால், உள்நாட்டில் அவருக்கு ஓர் ஆபத்து வந்தால், தாய்நாட்டின் கப்பலோ பீரங்கியோ துணைக்கு வர வழியில்லை. பிரபுவின் மகன் என்ற பிறப்பு அந்த மண்ணிற் செல்லாக் காசு.

1686ஆம் ஆண்டு அவர் மறவர் சீமைக்குட் சென்றார். அங்கே பலர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். அவ்வாண்டு ஜூலை மாதம் அவரும் அவருடைய உபதேசிமார் சிலரும் ஓர் அதிகாரியாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். கட்டி வைத்து அடித்தார்கள்; நீரில் அமிழ்த்தினார்கள்; வெயிலிற் காய்ந்த கல்லிற் கிடத்தினார்கள். “சிவ நாமத்தைச் சொல்” என்று வற்புறுத்தினார்கள். அவர் சொல்லவில்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் தலை தாழ்ந்துவிடுகிறது. நாள்தோறும் நான் அன்போடு உச்சரிக்கும் நாமம் அது. அதை ஒரு மனிதனின் வாயிலிருந்து அடித்துப் பிடுங்க முனைந்தவர்கள் என் தெய்வத்துக்கு எந்தப் பெருமையையும் சேர்க்கவில்லை. அன்பினால் வராத நாமம் வெறும் ஓசை. இதைச் சொல்லும்பொழுது, நம் தெய்வங்களைப் பற்றி அக்காலத்துப் போதகர்கள் கூறிய கடுஞ்சொற்களை நான் மறந்துவிட்டேன் என்று எவரும் கருதவேண்டாம். அவை என்னை நோகச் செய்வன. ஆனால் சொல்லுக்குச் சொல்லே மறுமொழி. சாட்டை ஒருபோதும் மறுமொழி ஆகாது.

அன்று அந்தச் சீமையை ஆண்டவர் இரகுநாத கிழவன் சேதுபதி. கைதிகள் இராமநாதபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மன்னர் அருளானந்தரை நேரில் அழைத்து, அவர் போதிக்கும் கொள்கை யாதென்று கேட்டறிந்தார். கேட்டபின் மரணதண்டனை வேண்டாமென விடுதலை செய்தார். “இனி என் நாட்டிற் போதிக்கலாகாது” என்ற தடையை மட்டும் விதித்தார். கொடுங்கோலர் என்று இலகுவில் ஒதுக்கிவிடக்கூடியவர் அல்லர் அந்தச் சேதுபதி. கீழக்கரையைச் சேர்ந்த வள்ளல் சீதக்காதி அவருடைய உற்ற நண்பர். இராமநாதபுரக் கோட்டையைக் கட்டுவதற்குச் சீதக்காதி துணைநின்றார் என்பர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த அதே சீதக்காதிதான். வேற்று மதத்தவரைத் தம் அரசின் தூணாக ஏற்றுக்கொண்ட மன்னர், வேறொரு மதத்தவரை ஏன் கொன்றார்? அதற்குப் பின்பு வருவோம்.

விடுதலையானதும் அருளானந்தர் சபையின் அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1688ஆம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பட்டுடையாரின் நடுவிலிருந்து புறப்பட்டவர், வெயிலிற் கறுத்து, அடிபட்ட தழும்புகளோடு திரும்பி வந்தார். அவரை வரவேற்றவர் யார்? பழைய விளையாட்டுத் தோழர் பேதுரு. இப்பொழுது போர்த்துக்கல்லின் மன்னர். “இனிப் போகவேண்டாம்; அரண்மனையிலேயே இரு; என் பிள்ளைக்குக் கல்வி புகட்டு” என்று மன்னர் விரும்பினார். முதுமையடைந்த தாயாரும் அங்கேதான் இருந்தார். மதிப்பும் பாதுகாப்பும் தாய் மடியும் ஒரே வாசலில் நின்று அழைத்தன.

அவரோ லிஸ்பனில் இருந்த காலத்திலும் தமிழ்நாட்டுப் பண்டாரத்தின் நியமத்தை விடவில்லை. புலால் உண்ணவில்லை, மெத்தையிற் படுக்கவில்லை. 1690ஆம் ஆண்டு மீண்டும் கப்பலேறினார். முதன்முறை போனபோது அவருக்கு இந்தியா ஒரு கனவு. இரண்டாம் முறை போனபோது சாட்டையின் கனமும், கல்லின் சூடும், சேதுபதியின் தடையும் நன்கு தெரியும். தெரிந்துகொண்டே போனார்.

அன்பர்களே, துறவில் முதற் புறப்பாட்டைவிட இரண்டாம் புறப்பாடே அரியது என்று எனக்குத் தோன்றுகிறது. இளமையின் வேகத்தில் ஒருவன் எதையும் விட்டுவிடலாம். விட்டது மீண்டும் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லி அழைக்கும்போது, அதைப் பார்த்துக் கைகூப்பி விடைபெறுவதுதான் கடினம்.

1691ஆம் ஆண்டில் அவர் மீண்டும் மறவர் சீமையில் இருந்தார். அந்நாட்டின் பிரபுக்களுள் ஒருவர் தடியத் தேவர். சேதுபதி அரசுக்கு உரிமை கொண்டாடக்கூடிய வழியில் வந்தவர். கடும் நோயுற்றிருந்த அவர் ஓர் உபதேசியாரின் செபத்தினால் குணமடைந்தார் என்றும், அதனால் கிறிஸ்தவராக விழைந்தார் என்றும் கூறுவர். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழவேண்டும் என்று அருளானந்தர் நிபந்தனை விதித்தார். தேவர் இசைந்தார். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவுப்பெண். அவள் மன்னரிடம் ஓடினாள். 1693ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதி அருளானந்தர் சிறைப்பிடிக்கப்பட்டார்.

திருச்சரித நூல்கள் பல அந்தப் பெண்ணைத் தீயவளாகவே தீட்டுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் செய்த குற்றம் என்ன? அக்காலத்து முறைப்படி, பெரியோர் பேசி முடிக்க, பலர் அறியக் கைப்பிடிக்கப்பட்டவள். கணவரின் மனம் மாறியது. அவள் தலைவிதியும் மாறியது. அவளை எவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மனிதனின் ஆன்ம ஈடேற்றத்துக்கான விலையில் ஒரு பகுதியை அவள் செலுத்தினாள். தான் விரும்பிச் செலுத்தவில்லை. புனிதரின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. புனிதரின் கதையிலும் நீதி கிடையாத ஒருவர் ஓரத்தில் நிற்கக்கூடும் என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

சேதுபதியின் நிலையும் விளங்குகிறது. அரசுரிமை கோரக்கூடிய ஒருவர், திரண்டுவரும் ஒரு புதிய கூட்டத்தின் பக்கம் சாய்கிறார். சொந்தக் குடும்பத்துப் பெண் அவமதிக்கப்படுகிறாள். முன்பு உயிர்ப்பிச்சை பெற்றுச் சென்றவர் விதித்த தடையை மீறியிருக்கிறார். சீதக்காதியின் மார்க்கம் மன்னரின் சிம்மாசனத்தை அசைக்கவில்லை. அருளானந்தரின் போதனை அதை அசைக்கக்கூடும் என்று அவர் அஞ்சினார். மதத்தின் பேரால் நடப்பதாக நாம் எண்ணும் கொலைகளின் அடியில் எத்தனை முறை அச்சம் இருக்கிறது என்பதை, இந்தத் தீவில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

தலைநகரிற் கொன்றால் குழப்பம் விளையலாம். ஆகவே, வெளிக்கு நாடுகடத்தல் என்று அறிவித்துவிட்டு, அருளானந்தரை ஓரியூரில் அதிகாரம் செலுத்திய தம் தம்பியிடம் அனுப்பி வைத்தார் மன்னர். கொல்லும்படி ஆணை இரகசியமாகச் சென்றது. சிறையிலிருந்தபடியே, இறப்பதற்கு முதல்நாள், தம் சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார் அருளானந்தர். 1693ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி, பாம்பாற்றின் அருகே ஒரு மணல்மேட்டில், அவர் முழந்தாளிட்டார். தலை வாளால் வெட்டப்பட்டது. உடல் கழுமரத்தில் ஏற்றி வைக்கப்பட்டது. அன்று விபூதிப் புதன்கிழமை. மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புவான் என்று நெற்றியிற் சாம்பல் பூசிக் கத்தோலிக்கர் நினைவுகூரும் நாள். திருநீறு அணியும் என்போன்றவர்க்கும் அந்தச் சாம்பலின் பொருள் புரியாததன்று.

செய்தி லிஸ்பன் சேர்ந்தது. மன்னர் பேதுரு நன்றித் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு வந்த தாயார் துக்க உடையில் வரவில்லை. விழாவுக்குரிய உடையிலேயே வந்தார் என்று நூல்கள் கூறுகின்றன. ஒருகாலத்தில் மகனைத் தடுக்கத் தூதுவரின் வாசலில் நின்ற அதே தாய். அந்த உடைக்குள்ளே நெஞ்சு எப்படித் துடித்ததென்பதை எந்த நூலும் எழுதவில்லை, எழுதவேண்டியதுமில்லை.

அருளானந்தருக்கு 1853ஆம் ஆண்டில் முத்திப்பேறு பெற்றவர் என்ற நிலையும், 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆந் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதராற் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. ஓரியூர் மணல் சிவந்திருப்பது அவர் சிந்திய குருதியால் என்பது அங்கு வரும் யாத்திரிகரின் நம்பிக்கை. அவர்கள் அந்த மண்ணை மடியில் முடிந்துகொண்டு போவார்கள்.

அவர் மாண்ட காலத்தில் நமது நாட்டிலும் இவ்வாறு ஒருவர் இருந்தார் என்பதையும் குறிப்பிடவேண்டும். கோவாவில் மதிப்புமிக்க கொங்கணி பிராமணக் குடும்பத்திற் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தரின் தடையை மீறி, ஏழைக் கூலியாளின் கோலத்தில் 1687ஆம் ஆண்டு இலங்கைக்குள் வந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தினாற் கண்டியிற் சிறையிடப்பட்டார். ஆனால் அங்கே பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்குப் பின்னர் ஆதரவளித்தார். யோசேப் வாஸ் முதுமை கண்டு 1711ஆம் ஆண்டு கண்டியிற் காலமானார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத் திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஒரே காலம், ஒரே வகையான பணி, ஒருவருக்கு வாள், மற்றவருக்கு நிழல். ஆள்வோரின் அச்சம் எங்கே தணிகிறதோ அங்கே புனிதர்கள் முதுமை காண்கிறார்கள்.

தவணை முடிந்த நாளில் இந்த வரலாற்றை வகுப்பிற் கூறினேன். பின்பு அந்த மாணவனை நோக்கிச் சொன்னேன்:

“உன் கேள்வியிற் பாதி சரி. வறுமை ஒரு பெருமையன்று. செல்வன் அதைத் தரித்துக்கொண்டதால் அது பெருமையாகிவிடவும் மாட்டாது. அருளானந்தர் காவி உடுத்ததை நான் போற்றவில்லை. உயர்ந்த பிறப்பு என்பது ஒரு திரும்பும் வழி. என்ன நேர்ந்தாலும் பின்னாலே ஒரு கதவு திறந்திருக்கும் என்ற துணிவு. கொழும்பு முதலாளிக்குக் கதிர்காமத்திலிருந்து திரும்பிச் செல்ல வாகனம் இருக்கிறது. உன் வாப்பாவுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. அருளானந்தருக்கு இருந்தது. அரசரே அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். 1690இல் அவர் அந்தக் கதவைத் தம் கையாலேயே சாத்திவிட்டு, கதவில்லாத மக்களோடு போய் நின்றார். நான் வணங்குவது அந்தச் செயலை.”

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “அவரோட பிடிபட்ட மற்ற ஆக்கள் யார் சேர்?”

சொன்னேன். 1686இல் அவருடன் அடிபட்டவர்களுட் சிலுவை நாயக்கர் என்ற உபதேசியாரும் இருந்தார். கண்ணிலே கொடிய அடி வாங்கினார். அவர் பிரபுவின் மகன் அல்லர். அவருக்காக எந்த அரசரும் காத்திருக்கவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரை விட்டிருப்பார்கள். அவரும் சொல்லவில்லை. அருளானந்தரை இரவில் மறைத்து வைத்தவர்கள், காட்டுவழி காட்டியவர்கள், தம் பானையிலிருந்த சோற்றைப் பகிர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

“அப்ப அவங்களுக்கு யார் சேர் கதை எழுதுவாங்க?” என்றான் அவன். குரலிற் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. எனினும் ஒன்று செய்தேன். அன்று மாலை இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தபோது, அருளானந்தரின் பெயருக்கு அருகே சிலுவை நாயக்கரின் பெயரையும் எழுதி வைத்தேன். மறுநாள் வகுப்பிற் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுக்கும் முறை வந்தது. கரும்பலகையில், ‘நான் அறிந்த, எவரும் எழுதாத ஒருவர்’ என்று எழுதினேன்.

கடைசி வாங்கிலிருந்த அந்த மாணவன் தலை நிமிராமல் எட்டுப் பக்கம் எழுதினான். வாப்பாவைப் பற்றித்தான்.